பிரான்ஸின் சிற்றூரில் ஒரு வாரம்: உள்ளூர் உணவகங்களில் எப்படிச் சாப்பிடுவது?

தென்மேற்கு பிரான்ஸின் தொர்தோஞ் மாவட்டத்தில், 500 பேர் வாழும் ஊர் ஒன்றில், ஜூலை முதல் வாரம் வீடு எடுத்துத் தங்கவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் நால்வர், பத்து வயதுப் பையன் ஒருவன். உங்கள் அத்தை சைவம். கேக்கில் கலந்திருக்கும் முட்டையைத் தவிர வேறு முட்டையும் சாப்பிடமாட்டார். உங்கள் கணவர் மாட்டிறைச்சி தொடமாட்டார். ஊரில் இருப்பவை இரண்டே உணவகங்கள். பாரிஸில் சாப்பிட்ட அனுபவம் இங்கே உதவுமா, பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்க முடியுமா, அத்தைக்கு என்ன கிடைக்கும் என்பவை உங்கள் கேள்விகள். அதே மாவட்டத்தில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாரிஸ் அனுபவம் அவ்வளவாக உதவாது. சிற்றூர் உணவகத்தைப் புரிந்துகொள்ள அதன் சமையலறையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதை நடத்துவது ஒரு தம்பதிதான். ஒருவர் அடுப்படியில், மற்றவர் மேசைகளுக்கிடையே. கோடையில் கூடமாட ஒரு மாணவர் வரலாம். காலையில் வாங்கி வைத்த பொருளைக் கொண்டு 25 பேருக்கோ 30 பேருக்கோ சமைப்பார்கள். அத்தனை பேருக்கும் முன்பதிவு முடிந்துவிட்டால், கதவு திறந்திருந்தாலும் அன்றைய சமையல் முடிந்துவிட்டது என்றே பொருள். குறித்த நேரத்தில் வர வேண்டும், முன்கூட்டியே சொல்ல வேண்டும், இருப்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குக் கெடுபிடியாகப் படுகிற அத்தனைக்கும் காரணம் இந்த இரண்டு பேர் சமையலறைதான்.

இதை நாங்கள் மனவருத்தத்தோடு கற்றுக்கொண்டோம். குடியேறிய முதல் கோடையில், பக்கத்து ஊர் உணவகம் ஒன்றில் இரவு எட்டே முக்காலுக்குப் போய் நின்றோம். கண்ணெதிரே மூன்று மேசைகள் காலியாக இருந்தன. பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி "கோம்ப்ளே" என்றார். இடமில்லை என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று என் மனைவி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு வரும் வரை இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சில மாதங்கள் கழித்து, அதே பெண்மணியிடம் நன்றாகப் பழகிய பிறகு, அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். அன்று அவருடைய கணவர் அடுப்படியில் தனியாக 28 பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாராம். இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தால் முன்னரே வந்தவர்களின் தட்டுகளும் தாமதமாகியிருக்கும் என்றார். அதற்குப் பின், பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே வாழ்பவர்களையும் அவர் அதே சொல்லைச் சொல்லித் திருப்பி அனுப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலி மேசை என்பது காலி இடம் அல்ல. சமையலறையால் எத்தனை தட்டு தர முடியும் என்பதே அங்கே கணக்கு.

ஆகவே முன்பதிவு செய்யுங்கள், ஐந்து பேர் என்பதால் கட்டாயம் செய்யுங்கள். மதியம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே போய் உட்கார்ந்துவிட வேண்டும், 1.30க்குப் பிறகு போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இரவில் 7.30 முதல் 9 மணிக்குள். இடைப்பட்ட நேரத்தில், மாலை நான்கு மணிக்குப் பசித்தால், உணவகத்தில் காபி கிடைக்கும், சோறு கிடைக்காது. அதற்கு ரொட்டிக்கடையைத்தான் நாட வேண்டும். ஞாயிறு இரவும் திங்களும் விடுமுறை விடுவது பரவலான வழக்கம், சில இடங்களில் புதன். ஜூலையில் சிலர் விடுமுறை நாளை விட்டுக்கொடுத்துத் திறப்பார்கள் என்றாலும், அதை நம்பிப் போகாமல் கதவில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அருகே சந்தை கூடும் நாளில் கூட்டம் இரட்டிப்பாகும். உதாரணமாக, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284இல் நிறுவிய மோன்பாஸியே என்ற அழகான ஊரில் வியாழக்கிழமை சந்தை. அன்று மதியம் அந்தச் சதுக்கத்தைச் சுற்றிச் சாப்பிட நினைத்தால் முந்தைய நாளே சொல்லிவைப்பது நல்லது.

தொலைபேசியில் அழைப்பதாக இருந்தால், பரிமாறும் நேரத்தில் அழைக்கக் கூடாது. காலை 10 முதல் 11.30 வரை, அல்லது மாலை 6 மணிக்கு மேல் அழைக்கலாம். "போன்ஜூர், ஜ வுத்ரே ரெஸெர்வே யூன் தாப்ல் பூர் சேங்க், தமேன் மிதி" என்றால் நாளை மதியம் ஐந்து பேருக்கு ஒரு மேசை வேண்டும் என்று பொருள். ஆனால் தொலைபேசியைவிட மேலான வழி ஒன்று உண்டு. முதல் நாள் காலை பத்தரை மணிக்கு நேரில் போங்கள். உள்ளே நுழைந்ததும் அங்கிருக்கும் எல்லோருக்கும் சேர்த்து "போன்ஜூர்" சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசி மேசை கேளுங்கள். அத்தையைப் பற்றிச் சொல்லவும் அதுவே சரியான நேரம். பிரெஞ்சு தெரியாதது பெரிய குறை அல்ல. "போன்ஜூர்" சொல்லாமல் கேள்வியை ஆரம்பிப்பதுதான் அங்கே குறை.

இனி என்ன சாப்பிடுவது என்பது. பிரெஞ்சில் "மெனு" என்றால் உணவுப் பட்டியல் அல்ல. ஒரு விலைக்கு வரிசையாக வரும் முழுச் சாப்பாடு, நம் ஊர் அளவுச் சாப்பாட்டைப் போல. நாம் மெனு கார்டு என்று சொல்வதற்கு அவர்கள் சொல் "கார்த்". மூன்றுக்குப் பதில் இரண்டு பதார்த்தங்கள் மட்டும் வருவது "ஃபோர்முல்". அன்றைய ஒரே முக்கிய உணவு "ப்லா து ஜூர்". "ஆந்த்ரே" என்பது முதலில் வருவது, முக்கிய உணவு அல்ல. என் அழுத்தமான பரிந்துரை, வாரத்தில் மூன்று நாளாவது மதியச் சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொண்டு, இரவில் வீட்டில் எளிதாக முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மதிய மெனு வேலை நாள்களில் மட்டும் உண்டு. அதே சமையல்காரர் இரவில் சமைப்பதற்கு ஏறக்குறைய இரு மடங்கு விலை ஆகலாம்.

மதியச் சாப்பாட்டிலும் "மெனு ஊவ்ரியே" எனப்படும் தொழிலாளர் சாப்பாடு எங்கே கிடைக்கிறதென்று விசாரியுங்கள். ஊர்ப்புறத்துச் சமையலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொத்தனார், மின்பணியாளர், தச்சர், தபால்காரர் எல்லோரும் சாப்பிடும் இடம் அது. 12 மணிக்கு வாசலில் வெள்ளை வேன்கள் வரிசையாக நின்றால் அதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம். நெடுஞ்சாலையோரம் சிவப்பும் நீலமுமான வட்டப் பலகை மாட்டிய "ருத்தியே" உணவகங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. லாரி ஓட்டுநர்களுக்காக 1934இல் தொடங்கிய அமைப்பு அது. 15 முதல் 18 யூரோவுக்குள் சூப், முதல் உணவு, முக்கிய உணவு, சீஸ், இனிப்பு என ஐந்தும் வரும். பல இடங்களில் உள்ளூர் ஒயினும் காபியும் அதிலேயே அடக்கம்.

நான் வழக்கமாகப் போகும் இடத்தில் உட்கார்ந்ததும் தாள் விரித்த மேசையில் ரொட்டிக் கூடையும், மூடி போட்ட பெரிய சூப் பாத்திரமும் வந்துவிடும். கரண்டி உள்ளேயே இருக்கும். நாமே பரிமாறிக்கொண்டு, பாத்திரத்தைப் பக்கத்து மேசைக்கு நகர்த்த வேண்டும். எடுத்துக் கொடுக்கும்போது "போனப்பெத்தி" என்று சொல்வார்கள். பிறகு துருவிய கேரட், பீட்ரூட், முட்டை மயோனெஸ், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பன்றி இறைச்சி விழுதான ரியெத் போன்றவை. அதன் பின் அன்றைக்கென்று சமைத்த ஒரே முக்கிய உணவு. கத்தியையும் முள்கரண்டியையும் தட்டோடு அனுப்பிவிடாதீர்கள். ரொட்டித் துண்டால் துடைத்து மேசையிலேயே வைத்துக்கொள்வார்கள், கடைசி வரை அதே ஜோடிதான். சீஸ் தட்டும் சூப்பைப் போலவே மேசை மேசையாகச் சுற்றும். முக்கோணமாக இருக்கும் சீஸின் கூர் நுனியை வெட்டி எடுத்துக்கொள்வது மரியாதைக் குறைவு. பக்கவாட்டில் நீளமாக வெட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்தவருக்கும் நடுப்பகுதி கிடைக்கும்.

அங்கே வயதானவர்கள் யாராவது சூப்பை முடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். தட்டில் நாலைந்து கரண்டி சூடான சூப் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினைச் சரித்து ஊற்றி, தட்டை இரு கைகளாலும் தூக்கி, ஒரு சொட்டு விடாமல் குடிப்பார்கள். தட்டின் விளிம்பில் வாத்துக் கொழுப்பின் பொன்னிற வளையங்கள் ஒயினின் ஊதா நிறத்தின் மேல் மிதக்கும். இதற்கு "ஷாப்ரோல்" என்று பெயர். என் அண்டை வீட்டுப் பெரியவர் தன் தாத்தாவிடம் கற்றதாகச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து அவர் என்னை வெளியூர்க்காரனாக நடத்தவில்லை. நகரத்து உணவகத்தில் இதைச் செய்தால் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே செய்தால் பக்கத்து மேசையிலிருந்து பேச்சுக் கொடுப்பார்கள்.

அத்தை விஷயம்தான் உண்மையில் கடினம், மறைக்க விரும்பவில்லை. தொர்தோஞ்சின் பழைய பெயர் பெரிகோர். அதன் சமையல் பால் பண்ணைகளை நம்பி வளர்ந்தது அல்ல. வாத்துக் கொழுப்பும் வால்நட் எண்ணெயுமே அங்கே தாளிக்கும் பொருள்கள். வாத்துக் காலை உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே மெல்ல வேக வைத்து, அதே கொழுப்பில் அமிழ்த்திப் பல மாதம் வைத்துக்கொள்ளும் "கோன்ஃபி", நம் உப்புக்கண்டத்தைப் போலக் குளிர்சாதனப் பெட்டிக்கு முந்தைய காலத்தின் அறிவு. அந்தக் கொழுப்பு வீணாகாது. பார்வைக்குப் பரம சாதுவாக இருக்கும் "போம் சார்லதேஸ்" உருளைக்கிழங்கு வறுவல் அதில்தான் வறுபடுகிறது. "தூரேன்" என்ற பூண்டு சூப் அதில்தான் தொடங்குகிறது. சாலட் என்று வாங்கினால் "சலாத் பெரிகூர்தின்" என்பதில் வாத்தின் இரைப்பையும் நெஞ்சுக்கறியும் இருக்கும். ஆட்டுப்பால் சீஸ் வைத்த "ஷேவ்ர் ஷோ" சாலட் தப்பித்தது என்று நினைக்கும்போது மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளான "லார்தோன்" தூவி வரக்கூடும்.

"வெழெதாரியேன்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஊர்ப்புறத்தில் சிலர் அதை மீன் சாப்பிடுபவர் என்று புரிந்துகொள்கிறார்கள். கொழுப்பும் எலும்புச் சாறும் கணக்கில் வருவதே இல்லை. "பா த வியாந்த், பா த புவாஸோன், பா தேஃப், பா த க்ரேஸ் த கனார்" என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, வாத்துக் கொழுப்பு எதுவும் வேண்டாம். ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது, அது நேராகச் சமையல்காரரின் கைக்குப் போகும். உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி எழுத்தில் தகவல் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது என்றாலும், இறைச்சி ஒவ்வாமைப் பட்டியலில் இல்லாததால் அது உங்களுக்கு உதவாது.

இப்படி முதல் நாளே சொல்லிவிட்டால் நிலைமை வெகுவாக மாறும். ஜூலையில் தக்காளி, கத்தரிக்காய், சுக்கினி எல்லாம் தோட்டத்தில் கொட்டிக் கிடக்கும். ஆலிவ் எண்ணெயில் காய்கறிகளை வதக்கியோ அடுப்பில் சுட்டோ ஒரு தட்டு செய்துதரப் பெரும்பாலான சமையல்காரர்கள் மனமுவந்து சம்மதிப்பார்கள். லார்தோன் இல்லாத ஷேவ்ர் ஷோ, வால்நட்டும் தேனும் சேர்த்து, உண்மையிலேயே அருமையான உணவு. அதில் சுடப்படும் ரொக்காமதூர் சீஸ் ஒன்று 35 கிராம்தான், ஆனால் அதன் மணம் தட்டை நிறைத்துவிடும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய மரபுச் சீஸ்களில் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அத்தைக்கு இது தெரிந்து அவர் முடிவு செய்யட்டும். இனிப்புகளில் பன்னகோட்டா, பவருவா ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கும். வால்நட் கேக்கும் அந்த ஊர் ஸ்ட்ராபெர்ரியும் சிக்கலற்றவை. ஒருநாள் அருகில் உள்ள, "கிரேப்" எனப்படும் மெல்லிய தோசை விற்கும் கடைக்குப் போனால் மரக்கோதுமை (பக்வீட்) மாவுத் தோசையில் காளானும் சீஸும் வைத்து, முட்டை இல்லாமல் செய்துதருவார்கள். அத்தை அன்று நிம்மதியாகச் சாப்பிடுவார்.

உங்கள் கணவருக்கு இவ்வளவு சிரமம் இல்லை, ஆனால் பெயர்களில் கவனம் தேவை. "பெஃப்" என்ற மாட்டின் பெயர் பட்டியலில் எப்போதும் எழுதப்பட்டிருக்காது. பவெத், ஓங்லே, ஆந்த்ரகோத், ஃபோ ஃபிலே, தார்தார் என்று மட்டும் இருந்தால் அவை மாட்டிறைச்சியே என்று கொள்ளலாம். "வோ" என்பது கன்று. "மாக்ரே" வாத்தின் நெஞ்சுக்கறி. உள்ளே சிவப்பாகப் பரிமாறுவதால் மாட்டிறைச்சி போலத் தோன்றி அவர் தட்டைத் தள்ளிவிடக் கூடும். "அ புவேன்" என்றால் அங்கே நடுத்தரம், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கும். நன்கு வெந்ததே வேண்டுமானால் "பியேன் க்வி" என்று சொல்லுங்கள். சோறு தேடுபவர்களுக்கு ஒரு பொறி: "ரி" என்றால் அரிசி, ஆனால் "ரி த வோ" என்றால் கன்றின் கழுத்துச் சுரப்பி. உச்சரிப்பு ஒன்றே, எழுத்துதான் வேறு. "ஆந்தூயெத்" என்பது பன்றிக் குடல் அடைத்த தொத்திறைச்சி. குடல் கறி பழகியவர்களுக்கும் அதன் வாசனை முதலில் திகைப்பூட்டும். பையனுக்கான சிறுவர் மெனுவில் வரும் "ஸ்தெக் அஷே" மாட்டிறைச்சிக் கொத்து என்பதால், வேண்டாமென்றால் கோழி கேளுங்கள். ஐந்து பேருக்கு மூன்று தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்வது அங்கே வழக்கமில்லை. ஆளுக்கு ஒரு முக்கிய உணவு சொல்லிவிட்டு, தட்டுக்குத் தட்டு ருசி பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

இரண்டு உணவகங்களில் எது மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய நான்கைந்து உணவுகள் என்றால் நம்பலாம். இருவர் நடத்தும் இடத்தில் நாற்பது உணவுகள் பட்டியலில் இருந்தால் உறைபெட்டிதான் சமைக்கிறது. 2014இல் வந்த "ஃபே மேஸோன்" என்ற அடையாளம், கூரை போட்ட வாணலியின் படம், அங்கேயே சமைத்தது என்பதற்கு அத்தாட்சி. ஆனால் சமைக்காத காய்கறியையும் மீனையும் உறைந்த நிலையில் வாங்குவதை அந்தச் சட்டம் அனுமதிக்கிறது, ஆகவே அதை முழு உத்தரவாதமாகக் கொள்ள வேண்டாம். 2,000 பேருக்கும் குறைவான ஊர்களில் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் இடங்களுக்குத் தரப்படும் "பிஸ்த்ரோ த பெயி" என்ற அடையாளத்தை நான் அதிகம் மதிக்கிறேன். புரோவான்ஸ் மலைப்பகுதியில் 1993இல் தொடங்கிய முயற்சி அது. 1960 வாக்கில் பிரான்ஸில் சுமார் 2 லட்சம் கஃபேக்கள் இருந்தன. இன்று 40 ஆயிரத்துக்கும் குறைவு. பல ஊர்களில் கடைசியாக மிஞ்சியிருக்கும் ஒரே உணவகமே செய்தித்தாள் விற்கிறது, பார்சல் வாங்கி வைக்கிறது, தனியாக வாழும் முதியவர் அன்று வந்தாரா என்று பார்த்துக்கொள்கிறது. உங்கள் ஊரில் இரண்டு இருப்பதே கொடுப்பினை, இரண்டுக்கும் போங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம், 1967 முதலே அதற்கு ஆணை இருக்கிறது. "யூன் கராஃப் தோ" என்று கேட்டால் தண்ணீர்க் குடுவை வரும். ஒயின் வேண்டாம் என்றால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நீங்கள் கேட்காமல் பில் வராது, அது அலட்சியம் அல்ல, உங்களை எழுப்பக் கூடாது என்ற மரியாதை. பல இடங்களில் எழுந்து போய்க் கல்லாவில் கொடுப்பார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது; மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். மிச்சத்தை எடுத்துப் போகக் கூச்சப்படாதீர்கள், கேட்பவர்களுக்குப் பாத்திரம் கட்டித்தர வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் சட்டம்.

இரவுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பகுதியின் ஊர்ச் சதுக்கங்களில் வாரம் ஒரு மாலை "மார்ஷே நொக்தூர்ன்" எனப்படும் இரவுச் சந்தை கூடும். விவசாயிகளே அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். நீண்ட மேசைகளில் யார் பக்கத்திலும் உட்காரலாம், ஒவ்வொருவரும் வெவ்வேறு கடையில் வாங்கி வந்து ஒன்றாகச் சாப்பிடலாம். தட்டும் கரண்டியும் கோப்பையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், உள்ளூர்க்காரர்கள் கூடையோடும் மேசைவிரிப்போடும் வருவார்கள். உங்கள் ஊருக்கு அருகே எந்தக் கிழமை எங்கே என்பது ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஏழு மணிக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் ஐந்து பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காது.